ஓடைகளுக்கு இட்ட நீலம்

நெய்வேலி
9 பிப்ரவரி 2025, ஞாயிறு இரவு

மலர் அக்காவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. கிருஷ்ணப்ரியா அதை ஜாக்ரஃபி ரெக்கார்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "இந்தக் காலத்துல யாருடி உனக்கு லெட்டர் போடுறது?" என்று அவள் அம்மா கேட்டாராம். பேனா நட்பு என்று சொல்லிவிட்டாளாம். இனிமேல் நீ அவளுடைய மந்தாரக்குப்பம் முகவரிக்கு எழுதும்போது உறையின் மேல் உன் பெயரைப் போடாதே.

அப்பாவுக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட். அதனால்தான் எழுத முடிகிறது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரிசி டிரம் மூடியின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். தெருவில் எந்த வண்டி போனாலும் கை நின்றுவிடுகிறது.

உன்னைப் பெண் பார்க்க வரவிருந்த காலையில் நீ கோயம்புத்தூர் பஸ் ஏறிப் போனதிலிருந்து வீட்டில் உன் பெயரை யாரும் சொல்வதில்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்தபோது அப்பா வாசலில் நின்று, "பொண்ணு இல்லைங்க, மன்னிச்சிக்குங்க" என்று கைகூப்பினார். அன்றைக்கு உள்ளே வந்து, "இனிமே அவ பேச்சை யார் எடுத்தாலும் நான் இந்த வூட்ல இருக்க மாட்டேன்" என்றார். அம்மா அதற்குப் பயந்துகொண்டு உன்னை நினைத்து அழும்போதுகூடக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுகிறாள்.

நீ கேட்டதைச் செய்து தருகிறேன். கல்வராயன் மலையின் சர்வே வரைபடம் நம் பள்ளியில் இன்னும் இருக்கிறதாம். கிருஷ்ணப்ரியா எடுத்து வருவதாகச் சொல்கிறாள். ஆனால் மூன்று பெண்கள் காட்டுக்குள் நடந்தே போய் அங்கேயே படுத்துத் தூங்க வேண்டுமா அக்கா? ஊட்டிக்குப் போகலாமே. உன் புது நம்பரையாவது கொடு. ஏதாவது அவசரம் என்றால் நான் என்ன செய்வேன்?

எழில்மதி

கோயம்புத்தூர்
17 பிப்ரவரி

எழிலு,

ஊட்டியாம் ஊட்டி! பஸ்ஸில் போய், பஜ்ஜி தின்று, பூ முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வருவதற்கு எனக்கு எதற்கு இரண்டு கால்?

நம்பர் கேட்காதே. நம்பர் உன்னிடம் இருந்தால் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள், நீ கொடுத்துவிடுவாய். பிறகு அப்பா பேசுவார். அவர் கத்தினால் தாங்கிக்கொள்வேன். கத்தாமல் பேசினால் திரும்பி வந்துவிடுவேன். அதுதான் எனக்குப் பயம்.

எங்கள் திட்டத்தைக் கேள். நான், ஹரிணி, இசைப்பிரியா. இரண்டு பேரும் என்னோடு கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். ஹரிணி கொல்லிமலை அருவிக்கு இறங்கி, ஏறி, மறுபடியும் இறங்கிக் குளித்துவிட்டு ஏறியவள். ஹாஸ்டலில் நான் சுருண்டு கிடந்த முதல் மாதத்தில் எனக்குச் சோறு ஊட்டாத குறை. அவள்தான் தலைவி. சின்னசேலம் பக்கம் அடிவாரத்தில் இறங்கி, மலை ஏறி, உச்சி விளிம்போடு நடந்து மறுபக்கம் இறங்குவோம். இரண்டு இரவு மேலே.

போனில் பார்த்தால் அந்த இடமெல்லாம் வெறும் பச்சை. ஒற்றையடிப் பாதை ஒன்றுகூட இல்லை. மேலே சிக்னலும் கிடைக்காது. பள்ளியில் இருக்கும் வரைபடத்தில் பாதைகள் புள்ளி புள்ளியாக இருக்கும், நான் பார்த்திருக்கிறேன். அதை அப்படியே நகலெடு. கோடையில் காடு காய்ந்திருக்கும், தீப் பிடிக்கும், அதனால் வனத்துறை அனுமதி தராது என்கிறார்கள். நாங்கள் கேட்கப் போவதில்லை. மலைக் கிராமத்துக்காரர்கள் சந்தைக்கு இறங்குகிற பாதைதானே?

முக்கியமானது தண்ணீர். கூடாரம், அவல், போர்வை, அடுப்பு, இதற்கே முதுகு வளைந்துவிடும். இரண்டு நாள் தண்ணீரையும் சேர்த்துச் சுமக்க முடியாது. பாதை எங்கெங்கே ஓடையைத் தாண்டுகிறது என்று பார்த்து வட்டம் போட்டுக் கொடு. அங்கங்கே நிரப்பிக்கொள்வோம். உன் வட்டங்களை நம்பித்தான் பாட்டில் எடுப்போம், ஞாபகம் வைத்துக்கொள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அவரைப் பற்றி நான் கேட்கவில்லை.

மலர்

நெய்வேலி
2 மார்ச், ஞாயிறு இரவு

அன்பு அக்கா,

வரைபடம் இதோடு இருக்கிறது. மடிப்பில் கிழிந்துவிடாமல் பிரி.

பட்டர் பேப்பரை மேலே வைத்து மூன்று இரவு வரைந்தேன். பாதைகளைப் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். ஓடைகள் அதில் சில இடத்தில் நீலமாகவும் பல இடத்தில் கறுப்பாகவும் அச்சாகி இருந்தன. பழைய தாள், ஓரமெல்லாம் பழுப்பாகிவிட்டது. நீல மை போதாமல் கறுப்பில் அடித்துவிட்டார்கள் போல. நான் எல்லா ஓடைக்கும் நீல ஜெல் பேனாவால் இட்டுவிட்டேன். இப்போது பார், மலை முழுக்க நரம்பு ஓடுகிற மாதிரி எவ்வளவு அழகாக இருக்கிறது! உங்கள் பாதை நான்கு இடத்தில் ஓடையைத் தாண்டுகிறது. நான்குக்கும் வட்டம் போட்டிருக்கிறேன். நீங்கள் ஆளுக்கு இரண்டு பாட்டில் எடுத்தாலே போதும்.

நம் பிளாக் பின்னால் போகிற வாய்க்கால் இப்போதும் கரை தொட்டுத்தான் ஓடுகிறது. நிலக்கரி மைன்ஸில் இருந்து அப்பா மாதிரி ஆட்கள் பம்ப் செய்து விடுகிற தண்ணீருக்கு வெயில் என்ன, மழை என்ன? நேற்று கிருஷ்ணப்ரியாவும் நானும் அதில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மலை ஓடை இதைவிட ஜில்லென்று இருக்கும் இல்லையா?

இன்று மத்தியானம் அப்பா என் விரலைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடி கை பூரா இங்க்கு?"

"பிராக்டிகல்ப்பா."

"உனுக்கு ஏது படம் வரையிற பிராக்டிகல்? அதெல்லாம் உங்க..." என்று ஆரம்பித்தவர் அதற்கு மேல் சொல்லாமல் சோற்றைப் பிசைந்தார். 'உங்க அக்காவுக்குத்தானே' என்று சொல்ல வந்திருப்பார். சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பயந்துகொண்டு எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

எழில்

கோயம்புத்தூர்
9 மார்ச்

என் தங்கமே,

வரைபடத்தை ஹாஸ்டல் சுவரில் ஒட்டியிருக்கிறோம். "உன் தங்கச்சிக்கு என்ன வேணும்னு கேளுடி, வாங்கி அனுப்புவோம்" என்று இசைப்பிரியா சொல்கிறாள். உன் கடிதங்களுக்காகச் சொல்கிறாள், வரைபடத்தை வரைந்தது நீ என்பது அவளுக்குத் தெரியாது. ஒரு சிநேகிதியிடம் வாங்கினேன் என்று சொல்லியிருக்கிறேன். நீ எனக்குக் கடிதம் எழுதுகிறாய் என்பதை மட்டும்தான் அவர்களிடம் சொன்னேன். எந்த வாயிலிருந்து எந்த ஊருக்குப் பேச்சுப் போகும் என்று யார் கண்டது? உன்னைப் பாதுகாக்க வேண்டாமா?

ரம்ஜான் விடுமுறையோடு மூன்று நாள் சேர்ந்து வருகிறது. 28 வெள்ளி ராத்திரி இங்கே பஸ் ஏறி, சனிக்கிழமை விடியும்போது அடிவாரத்தில் டீ குடிப்போம். ஆளுக்கு இரண்டு பாட்டில். ஹரிணி கூட ஒன்று எடுக்கலாம் என்றாள். "வரைபடத்தில் நாலு ஓடை இருக்கு, நீ என்ன ஒட்டகமா?" என்று கிண்டல் செய்து அவளை அடக்கிவிட்டேன்.

பரீட்சையை ஒழுங்காக எழுது. இனி மலையிலிருந்து வந்துதான் கடிதம்.

மலர்

நெய்வேலி
25 மார்ச், செவ்வாய் இரவு

அக்கா, போகாதே.

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் உன் கையில் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

இன்று கிருஷ்ணப்ரியா அந்தப் பெரிய வரைபடத்தைத் திருப்பி வைக்க எடுத்துப் போக வந்தாள். என்னிடம் அதன் இன்னொரு நகல் இருந்தது, ஆசைக்காக வரைந்து வைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள், "ஏய், நீ ஏன்டி எல்லாத்தையும் நீலமா போட்ட?" என்றாள்.

"ஓடைன்னா தண்ணிதானே?"

"லூசு. நீலம்னா வருஷம் பூரா தண்ணி இருக்கும். கறுப்புன்னா மழைக்கு மட்டும் ஓடும், அப்புறம் காஞ்சிடும். ஓரத்துலயே போட்டிருக்கு பாரு. எங்களுக்கு ரெண்டு மார்க் கேள்வியே இதான்."

நான்கு வட்டத்தையும் பார்த்தேன். நான்கும் கறுப்பு, அக்கா. நீலமாக இருந்தது ஒன்றுகூட உங்கள் பாதையில் இல்லை.

காய்ந்து கிடக்கிற ஓடையை நான் பார்த்ததே இல்லை. நம் வாய்க்காலைத்தானே பிறந்ததிலிருந்து பார்க்கிறேன்! எந்த மாதத்தில் அது நின்றிருக்கிறது? அது மனிதர்கள் இறைத்துவிடுகிற தண்ணீர் என்று தெரிந்தும் எனக்குத் தோன்றவில்லை. வாய்க்கால் என்று ஒன்று இருந்தால் அதில் தண்ணீர் ஓடும் என்றே நினைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை எனக்குக் கடைசிப் பரீட்சை. படிக்கவே முடியவில்லை. உன் கம்பெனி பெயர்கூட எனக்குத் தெரியாது. நம்பர் கொடு என்று கேட்டேனே, ஏன் கொடுக்கவில்லை நீ?

கிருஷ்ணப்ரியா காலையில் முதல் வேலையாக இதைத் தபால் ஆபீஸில் ஸ்பீடு போஸ்டில் சேர்ப்பாள். கெஞ்சிக் கேட்கிறேன், போகாதே.

எழில்

சேலம் பஸ் நிலையம்
29 மார்ச், சனி இரவு

எழில்மதி,

இந்தக் கடிதம் உனக்குக் கடைசி.

அடிவாரத்தில் நாங்கள் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது டீக்கடை பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போட்டுப் போகிற அதே சட்டை. பக்கத்தில் இரண்டு பெரிய தண்ணீர் கேன். ஹரிணி என்னைப் பார்த்தாள், நான் வேறு யாரையோ பார்க்கிற மாதிரி நின்றேன்.

எழுந்து வந்து, "மலரு, மேல ஏறாத. வூட்டுக்குப் போவலாம் வா" என்றார்.

"யார் சொன்னது நான் இங்க இருக்கேன்னு?"

"சின்னவ சொன்னா. இல்லம்மா, கேளு, அந்தப் படத்துல..."

அதற்கு மேல் எனக்கு எதுவும் காதில் விழவில்லை. சின்னவ சொன்னா! எந்த ஊரில் இருக்கிறேன், எந்தத் தெரு, எந்த நாள், எல்லாவற்றையும் உன் ஒருத்தியிடம்தான் சொன்னேன். மேலே தண்ணீர் இல்லை என்று ஏதோ சொன்னார். "மைன்ஸ்ல பம்பு ஓட்டுனா ஊர்த் தண்ணியெல்லாம் உங்களைக் கேட்டுத்தான் ஓடணுமா?" என்று கேட்டேன். எல்லோர் முன்னாலும் அறைந்தார்.

பையிலிருந்து வரைபடத்தை எடுத்து ஹரிணி கையில் கொடுத்தேன். "நீங்க போங்க. எனக்காக நிக்காதீங்க" என்றேன். அவர்கள் நடந்தார்கள். அப்பா பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடி, "பாப்பா, தண்ணி இல்லம்மா, போவாதீங்க, இந்தக் கேனையாவது எடுத்துக்கினு போங்க" என்று கத்தினார். குடித்திருக்கிறார் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். இசைப்பிரியா திரும்பிப் பார்த்து, "அங்கிள், போலீஸைக் கூப்பிடுவோம்" என்றாள். நான் அவரோடு போகவில்லை. எதிரே வந்த பஸ்ஸில் ஏறி இங்கே வந்தேன், பகல் முழுக்க இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

நீ பயந்தாங்கொள்ளி என்று எனக்குத் தெரியும். காட்டிக்கொடுப்பாய் என்று தெரியாது. இனி எழுதாதே.

மலர்விழி

நெய்வேலி
3 ஏப்ரல், வியாழன் இரவு

அக்கா,

எழுதாதே என்றாய். இதை மட்டும் எழுதிவிடுகிறேன். என் கடிதம் உனக்குக் கிடைக்கவில்லை என்பது உன் கடிதத்தைப் படித்ததும் தெரிந்துவிட்டது. இப்போது ஹாஸ்டலில் கிடைத்திருக்கும். அதைப் படித்தாயா?

வெள்ளிக்கிழமை அப்பா முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். அடி விழும் என்று தெரிந்துதான் போய் நின்றேன். உன் கடிதங்கள், கிருஷ்ணப்ரியா, வரைபடம், கறுப்புக் கோடு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. தட்டில் இருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, "எங்க எறங்குறாங்களாம்?" என்று மட்டும் கேட்டார். அம்மா கேன்களை நிரப்பினாள். தூக்கிப் போகக் கயிறு கட்டிக் கொடுத்தது நான்தான்.

வாசலில் ஷூ போட்டுக்கொண்டே, "உனுக்கு எழுதுறாளே, அதுல நல்லா இருக்கேன்னு எழுதுவாளா?" என்று கேட்டார். "எழுதுவாப்பா" என்றேன். நீ அப்படி எழுதியதே இல்லை, அக்கா.

சனி முழுக்க அடிவாரத்திலேயே காத்திருந்துவிட்டு ஞாயிறு காலை திரும்பி வந்தார். இரண்டு கேனும் நிரம்பியபடியே கையில் இருந்தன. "அடிச்சிட்டேன்டி" என்றார். "அடிக்காம இருந்திருந்தா நின்னு கேட்டிருப்பா. மத்த புள்ளைங்களும் கேட்டிருக்கும்." அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. லீவ்கூடச் சொல்லவில்லை.

ஹரிணியும் இசைப்பிரியாவும் வந்துவிட்டார்களா? தயவுசெய்து அதற்கு மட்டும் பதில் போடு. வேறு எதுவும் எழுத வேண்டாம். 'வந்துவிட்டார்கள்' என்று ஒரு வார்த்தை போதும்.

எழில்

சேலம்
9 ஏப்ரல்

எழிலு,

ஹாஸ்டலுக்குப் போன உன் கடிதம் இன்றுதான் இங்கே வந்து சேர்ந்தது. ஒரு வார்த்தையில் எழுத முடியவில்லை.

உன் செவ்வாய்க்கிழமைக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் வார்டன் கொடுத்தார். வெள்ளி சாயங்காலமே வந்திருந்ததாம், நாங்கள் வேலை முடிந்து நேராகப் பஸ்ஸுக்குப் போய்விட்டோம். படித்த கையோடு போன் செய்தேன். இருவருக்கும் லைன் கிடைக்கவில்லை. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் அடிவாரத்துக்கே பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஊர்க்காரர்கள் ஹரிணியைக் கயிற்றுக்கட்டிலில் வைத்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

இசைப்பிரியா சொன்னதை எழுதுகிறேன். முதல் ஓடையில் மணல்தான் இருந்ததாம். அடுத்ததில் இருக்கும் என்று போயிருக்கிறார்கள். அடுத்ததிலும் இல்லை. அங்கேயே திரும்பியிருக்கலாம். மூன்றாவதுதான் பெரிதாக வரைந்திருக்கிறது, அதில் கண்டிப்பாக இருக்கும் என்று ஹரிணி சொன்னாளாம். மறுநாள் அங்கே போய்ச் சேர்ந்தபோது பேச நாக்கு எழவில்லையாம். பாறைக்குக் கீழே எங்காவது குட்டை தேங்கியிருக்கும் என்று ஹரிணி இறங்கினாள். சருகுக்கு மேல் கால் வைத்துச் சறுக்கிவிட்டாள். இசைப்பிரியா தனியாக நடந்துபோய், ஆடு மேய்க்கிறவர்களைக் கூட்டிவந்திருக்கிறாள்.

இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. முதுகுத்தண்டிலும் அடி. எழுந்து நடப்பாளா என்று இப்போது சொல்ல முடியாதாம். நான் லீவ் போட்டு இந்த அரசு ஆஸ்பத்திரியிலேயே அவளோடு இருக்கிறேன்.

அப்பா தண்ணீர் இல்லை என்றபோது, ஒருவேளை இருக்காதோ என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது, எழிலு. தோன்றியும் வரைபடத்தைக் கொடுத்தேன். அவர் சொன்னதை நான் மதிக்கவில்லை என்று அவருக்குக் காட்டுவதற்காகவே கொடுத்தேன். கூட ஒரு பாட்டில் எடுக்கிறேன் என்றவளையும் நான்தான் அடக்கினேன்.

ஹரிணியின் அம்மா என்னிடம், "அந்தப் படத்தை வரைஞ்சது யாரு? சொல்லு, யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டியதை எழுத மாட்டேன். திட்டட்டும். அதன் பிறகும் சாயங்காலம் எனக்கும் சேர்த்து இட்லி வாங்கி வந்தார்.

உனக்குப் பதினாறு வயது. நீ வாயைத் திறக்காதே. இது என்னோடு போகட்டும். காட்டிக்கொடுத்தாய் என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

மலர்

நெய்வேலி
13 ஏப்ரல், ஞாயிறு

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தேன். அவர் படித்து முடித்து அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். ஹரிணி விழுந்த இடம் வந்ததும் கடிதத்தை என்னிடம் நீட்டினார். மீதியை நான் படித்தேன்.

உன் பழைய கடிதத்தை நான் கிழிக்க மாட்டேன். அது உண்மைதான், நான் சொல்லித்தான் அப்பா வந்தார். சொன்னதற்காக எனக்கு வருத்தம் இல்லை. செவ்வாய்க்கிழமையே சொல்லாமல் விட்டேனே, அதற்குத்தான். தபால் போய்ச் சேர்ந்துவிடும், அப்பாவுக்குத் தெரியாமலே எல்லாம் முடிந்துவிடும் என்று மூன்று நாள் காத்திருந்தேன். செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் அப்பா ஹாஸ்டலுக்கே வந்திருப்பார். ரோட்டில் நின்று கத்த வேண்டியிருக்காது. மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டிருப்பீர்கள். என் முதுகில் விழப்போகிற அடிக்குப் பயந்துகொண்டு அந்த மூன்று நாளையும் விட்டுவிட்டேன்.

அந்த வரைபடத்தை நீ வரையவில்லை. நாளைக்கு விடுமுறை. காலை முதல் பஸ்ஸில் அப்பாவும் நானும் சேலம் வருகிறோம். அம்மாவும் வருகிறேன் என்றாள், முழங்கால் தாங்காது என்று நிறுத்தியிருக்கிறோம்.

"என்னை அவ பாக்க வேணாம். நீ மேல போ, நான் கீழயே நிக்கிறேன்" என்கிறார் அப்பா. நீ கீழே வந்து அவரைப் பார்ப்பதும் பார்க்காததும் உன் இஷ்டம். அதற்கு நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

ஹரிணியின் அம்மாவிடம் முன்கூட்டி எதுவும் சொல்லாதே. நானே சொல்கிறேன். என்ன சொல்வது என்று எழுதி எழுதிப் பார்த்தேன், எதுவும் சரியாக வரவில்லை. கறுப்பு, நீலம் என்று விளக்கினால் சாக்குச் சொல்கிற மாதிரி இருக்கிறது. அவர் அடித்தால் நீ குறுக்கே வராதே. ஹரிணி முகத்தைத் திருப்பிக்கொண்டால் அப்படியே வந்துவிடுவேன்.

தபாலுக்கு முன்பே நாங்கள் வந்து சேர்ந்துவிடுவோம் என்பதால் இதைத் தபாலில் போடவில்லை, கையில் கொண்டுவருகிறேன். ஆஸ்பத்திரி வாசல் காவலாளியிடம் கொடுத்து, மலர்விழி என்று கேட்டு உன்னிடம் சேர்க்கச் சொல்வேன். படித்துவிட்டு வார்டுக்குப் போ. நான் ஹரிணியை ஒரு போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. நீ அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிரு, அக்கா. உன்னைப் பார்த்து அவள் யார் என்று தெரிந்துகொள்கிறேன்.

எழில்மதி